தில்லியின் முதல் மேயர்: ஒரு திருத்தம் வேண்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்டு 9-ஆம் தேதி தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில் பத்து பொது அறிவுக் கேள்விகள் வந்திருந்தன. அதில் ஏழாவது கேள்வி, 'தில்லியின் முதல் பெண் மேயர் யார்?' கீழே தலைகீழாக அச்சிட்டிருந்த விடை, 'அருணா ஆசப் அலி'.

என் பேத்தி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஞாயிறு தோறும் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைப்பது அவள் வழக்கம். அந்த வாரம் கத்தரிக்கோலோடு என்னிடம் வந்து, "பாட்டி, இவங்களுக்கு முன்னாடி தில்லில எத்தனை ஆம்பளைங்க மேயரா இருந்தாங்க?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லடி. முதல் மேயரே இவங்கதான்" என்றேன்.

"அப்புறம் ஏன் முதல் 'பெண்' மேயர்னு போட்டிருக்காங்க?"

அந்தக் கேள்வியைத் தங்களிடம் சேர்ப்பதற்காகத்தான் இந்தக் கடிதம். ஒரு சொல்லை நீக்கச் சொல்லி இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று தோன்றலாம். 1942-இல் பம்பாயில் கொடியேற்றிய விடுதலைப் போராட்ட வீராங்கனை அருணா ஆசப் அலியைப் பற்றி முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் பேசியவள் நான். சுருக்கமாக எழுத எனக்கு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1975-இல் கல்யாணமாகித் தில்லிக்குப் போனேன். கணவருக்கு மத்திய அரசு வேலை, ஆர்.கே. புரத்தில் குவார்ட்டர்ஸ். தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் வரலாறு சொல்லிக் கொடுத்தேன். ஓய்வு பெற்ற பின் 2009-இல் திருச்சிக்குத் திரும்பினோம்.

தில்லியில் எனக்கு முதலில் பழகியது தண்ணீர் வரும் நேரம். காலை ஐந்தரைக்குக் குழாயில் காற்று சீறும், பின்னாலேயே தண்ணீர் வரும். ஏழு மணிக்குள் வாளி, குடம், அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைத்துவிட வேண்டும். எதிர்வீட்டு மாமி பிடித்த தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, வடிகட்டிய பிறகுதான் பானையில் ஊற்றுவார். மழைக்காலம், வெயில் காலம் என்று பேதமே கிடையாது. ஒருநாள் காரணம் கேட்டேன். அவருடைய நாத்தனார் 1956 ஜனவரியில் கரோல் பாக்கில், ஆறு மாதக் கர்ப்பத்தோடு, மஞ்சள் காமாலையில் போய்விட்டாராம். "அந்த வருஷம் எங்க தெருவில கண்ணு மஞ்சளா இல்லாத வீடே இல்ல" என்றார் மாமி.

அது என்னவென்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் தில்லியில் ஏறக்குறைய 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. யமுனையில் நீர் வற்றி ஓட்டம் மாறியதில், நஜப்கர் கால்வாயின் கழிவுநீர் வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடம்வரை பின்னோக்கி வந்து கலந்திருக்கிறது. தண்ணீரில் குளோரின் போட்டும் அந்தக் கிருமி சாகவில்லை. கர்ப்பிணிகளைத்தான் அது அதிகம் கொன்றது. இன்று ஹெபடைடிஸ் ஈ என்று சொல்லப்படும் நோய்தான் அது என்று பல ஆண்டுகள் கழித்தே உறுதியானது. உலகம் முழுவதும் மருத்துவப் புத்தகங்களில் இந்தத் தில்லிக் காமாலை ஒரு பாடமாக இருக்கிறது. அது முடிந்து இரண்டே ஆண்டுகளில் அருணா தில்லி மேயர் ஆனார்.

அப்போது அந்த ஊர் இருந்த நிலையைச் சொன்னால்தான் அந்த நாற்காலியின் கனம் புரியும். 1941 கணக்கெடுப்பில் தில்லியின் மக்கள்தொகை ஒன்பது லட்சத்துச் சொச்சம். 1951-இல் பதினேழு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இடையில் வந்தது பிரிவினை. புரானா கிலாவிலும் கிங்ஸ்வே கேம்ப்பிலும் கூடாரம் போட்டுத் தங்கிய அகதிகளுக்கு லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர் என்று புதுக் குடியிருப்புகள் எழுந்துகொண்டிருந்தன. வீடு கட்டும் வேகத்துக்குச் சாக்கடையும் குழாயும் ஈடு கொடுக்கவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1952 முதல் தில்லிக்கு ஒரு சட்டமன்றம் இருந்தது, முதலமைச்சரும் இருந்தார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலச் சீரமைப்பின்போது அதை எடுத்துவிட்டார்கள். தில்லி யூனியன் பிரதேசம் ஆயிற்று. அப்புறம் 1966-இல் மாநகர சபை என்ற ஒன்று வரும்வரை, நாடாளுமன்றத்தை விட்டால் தில்லி மக்கள் ஓட்டுப் போட்டு அமைத்த சபை மாநகராட்சி ஒன்றுதான். முதலமைச்சர் இல்லாத ஊரின் முதல் குடிமகள் அந்த மேயர். என் மாணவிகளுக்கு இதைச் சொல்லும்போது கரும்பலகையில் 1956, 1958, 1966 என்று மூன்று ஆண்டுகளையும் எழுதி நடு ஆண்டைச் சுற்றி வட்டம் போடுவேன்.

நாடாளுமன்றம் 1957-இல் இயற்றிய சட்டப்படி, 1958 ஏப்ரல் 7-ஆம் தேதி தில்லி மாநகராட்சி பிறந்தது. புது தில்லி நகராட்சிப் பகுதியும் கண்டோன்மென்டும் மட்டும் அதில் சேரவில்லை. 80 கவுன்சிலர்கள் இருந்தார்கள். வேலைகளோ கொஞ்சநஞ்சமல்ல. மின்சாரம், குடிநீர், கழிவுநீர், ஊரின் பேருந்துகள்கூட அப்போது மாநகராட்சியின் கீழேதான் இருந்தன. பேருந்து 1971-இல்தான் தனி நிறுவனமானது, குடிநீர் 1998-இல்தான் தனி வாரியமானது. மாமியின் நாத்தனாரைக் கொன்ற தண்ணீருக்குப் பொறுப்பேற்க வேண்டிய மன்றம் இதுதான். அதற்கு முதன்முதலில் தலைமை வகிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் 48 வயது அருணா.

மேயருக்கு என்ன அதிகாரம் என்று கேட்பார்கள். என் வகுப்பிலும் கேட்டிருக்கிறார்கள். நிர்வாகம் மத்திய அரசு நியமிக்கும் கமிஷனர் கையில்தான். மேயர் மன்றத்தைக் கூட்டி நடத்துவார். பதவிக்காலம் ஓராண்டு, ஆண்டுதோறும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிகாரம் குறைவு, ஆனால் குழாயில் தண்ணீர் வராதவர்கள் வந்து நிற்கும் வாசல் அது. நாடே பெயரைச் சொன்னால் எழுந்து நிற்கும் ஒருவர் அந்த வேலைக்கு ஒத்துக்கொண்டது எனக்கு இன்றும் பெரிதாகப் படுகிறது.

ஆண்டுக்கொருமுறை ஒன்பதாம் வகுப்புப் பெண்களைச் சாந்தினி சௌக்குக்குக் கூட்டிப்போவேன். செங்கோட்டை, சீஸ் கஞ்ச் குருத்துவாரா, அதன்பின் டவுன் ஹால். ஆங்கிலேயர் 1860-களில் கட்டிய மஞ்சள் கட்டடம். எதிரே முன்பு விக்டோரியா ராணி சிலை இருந்த இடத்தில் சுவாமி சிரத்தானந்தர் நிற்கிறார். 2010 வாக்கில் மாநகராட்சி மின்டோ ரோடு பக்கம் பெரிய மாடிக் கட்டடத்துக்குப் போகும்வரை மன்றம் இங்கேதான் கூடியது. புறாக்கள் எழும்பிப் பறக்கும் அந்த முற்றத்தில் பெண்களை உட்கார வைத்து, நான் நின்றபடியே அருணாவின் கதையைச் சொல்வேன். கொடியிலிருந்து தொடங்க மாட்டேன். டீச்சரிலிருந்து தொடங்குவேன்.

1909 ஜூலை 16-இல், அன்றைய பஞ்சாபின் கால்காவில் ஒரு வங்காளிக் குடும்பத்தில் பிறந்தவர். அருணா கங்குலி. லாகூரிலும் நைனிடாலிலும் கான்வென்ட் படிப்பு. பிறகு கல்கத்தாவில் கோகலே நினைவுப் பள்ளியில் ஆசிரியை. அந்தக் காலத்தில் ஒரு பெண் தன் சம்பளத்தில் தனியாக வாழ்வது எவ்வளவு பெரிய காரியம்! அலகாபாத்தில் வழக்கறிஞர் ஆசப் அலியைச் சந்தித்தார். அவர் முஸ்லிம், இவரைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். 1928-இல் மணந்துகொண்டார்கள். தந்தை ஏற்கெனவே இறந்திருந்தார். சித்தப்பா, இவள் எங்களுக்குச் செத்தவள் என்று சொல்லி உயிரோடிருக்கும் பெண்ணுக்குத் திதி கொடுத்துவிட்டார். இந்த இடம் வரும்போது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு ஆண்டும் அப்படித்தான் பார்த்துக்கொண்டார்கள்.

ஆசப் அலியையும் குறைவாகச் சொல்லக் கூடாது. மத்திய சட்டமன்றத்தில் குண்டு வீசிய வழக்கில் பகத் சிங் தரப்புக்காக நின்ற வழக்கறிஞர் அவர். மனைவி அவர் நிழலில் நிற்கவில்லை, அவரும் நிற்கச் சொல்லவில்லை.

1930 உப்புச் சத்தியாக்கிரகத்தில் அருணா சிறைக்குப் போனார். அடுத்த ஆண்டு காந்தி-இர்வின் ஒப்பந்தப்படி அரசியல் கைதிகள் எல்லாரையும் விடுவித்தபோது இவரை மட்டும் விடவில்லை. உடனிருந்த மற்றப் பெண் கைதிகள், அருணா வராமல் நாங்கள் வெளியே போக மாட்டோம் என்று சிறைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். காந்தி தலையிட்டுப் பேச, வெளியே மக்களும் கிளர்ந்தெழ, அதன்பிறகே விட்டார்கள். சிறையிலிருந்து போகலாம் என்று கதவைத் திறந்துவிட்ட பிறகும் ஒரு தோழிக்காக உள்ளே உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களின் பெயர்கள் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. 1932-இல் மீண்டும் தில்லிச் சிறை. கைதிகளை மோசமாக நடத்துவதை எதிர்த்துப் பட்டினி கிடந்தார். கைதிகளின் நிலைமை மேம்பட்டது. இவரையோ அம்பாலா சிறைக்கு மாற்றித் தனிக் கொட்டடியில் போட்டார்கள்.

அப்புறம் 1942. அது எல்லாருக்கும் தெரியும், தங்கள் ஆகஸ்டு சிறப்பிதழிலும் படம் போட்டிருந்தீர்கள். பம்பாய் கோவாலியா குள மைதானத்தில் ஆகஸ்டு 8 இரவு 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம். விடியும் முன் காந்தி, நேரு, ஆசப் அலி என்று அத்தனை தலைவர்களும் கைது. 9-ஆம் தேதி காலை மைதானத்தில் கொடியை ஏற்ற யாரும் இல்லாத நேரத்தில், 33 வயது அருணா ஏற்றினார்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது அதற்குப் பிறகான மூன்றரை ஆண்டுகளை. தலைமறைவானார். அரசு அவர் சொத்தைப் பறித்து விற்றது. பிடித்துக் கொடுத்தால் 5,000 ரூபாய் என்று அறிவித்தது. ராம் மனோகர் லோகியாவோடு சேர்ந்து 'இன்குலாப்' பத்திரிகை நடத்தினார். கணவர் அகமத்நகர் கோட்டையில் கைதி. அலைந்து அலைந்து உடம்பு கெட்டு, தில்லி கரோல் பாக்கில் ஒரு மருத்துவமனையில் ஒளிந்திருந்தார். நம் தமிழர்கள் காய்கறியும் காபிப் பொடியும் வாங்கப் போகும் அதே கரோல் பாக். காந்தி தன் கையாலேயே அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். உன் துணிவை மெச்சுகிறேன், நீ எலும்பும் தோலுமாகிவிட்டாய், வெளியே வந்து சரணடைந்துவிடு, உன் தலைக்கு அறிவித்த பரிசை நீயே பெற்று அரிஜன சேவைக்குக் கொடு என்பது அதன் சாரம்.

அருணா சரணடையவில்லை. பிடி ஆணை விலக்கப்பட்ட பிறகு, 1946 ஜனவரிக் கடைசியில்தான் வெளியே வந்தார். ஆனால் அந்தக் கடிதத்தைப் பொக்கிஷமாக வைத்திருந்தார், கடைசிவரை. பெரியவர் சொன்னதைக் கேட்கவில்லை, பெரியவரிடம் வைத்த அன்பும் குறையவில்லை. என் மாணவிகள் இதைக் கேட்டதும், இரண்டும் எப்படி டீச்சர் ஒன்றாக முடியும் என்பார்கள். முடியும் என்றுதான் சொல்வேன். அருணா தலைமறைவாக இருந்த கடைசி மாதங்களில் அவர் கணவர் விடுதலையாகி, செங்கோட்டையில் நேதாஜியின் படையினருக்காக நடந்த வழக்கின் பாதுகாப்புக் குழுவை ஒருங்கிணைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்த அடுத்த மாதமே, பம்பாயில் கடற்படை வீரர்கள் கிளர்ந்தபோது அருணா அவர்கள் பக்கம் நின்றார். இந்துவையும் முஸ்லிமையும் சட்டப் பேச்சுவார்த்தையில் சேர்ப்பதைவிடப் போராட்டக் களத்தில் சேர்ப்பது எளிது என்றார். காந்தி அதை வெளிப்படையாக மறுத்து எழுதினார். இந்த விவாதத்தில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அடுத்த ஆண்டு பிரிவினையில் நடந்ததைப் பார்த்தவர்களில் யாரும் இருவரில் ஒருவரையும் குறை சொல்லத் துணியமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு ஆசப் அலி அமெரிக்காவுக்கு இந்தியாவின் முதல் தூதராகப் போனார், சுதந்திரம் வந்தபின் ஒரிசா ஆளுநரானார். 1953-இல் சுவிட்சர்லாந்தில், பெர்ன் நகரில், பணியில் இருக்கும்போதே காலமானார். அருணா தூதர் மனைவி, ஆளுநர் மனைவி என்று அலங்காரமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ காங்கிரசிலிருந்து சோஷலிஸ்டுகளிடம் போனார், அங்கிருந்து கம்யூனிஸ்டுக் கட்சிக்கு. 1954-இல் இந்திய மாதர் தேசிய சம்மேளனம் உருவாகப் பாடுபட்டார். 1956-இல் ஸ்டாலின் காலக் கொடுமைகளைச் சோவியத் தலைவர் குருச்சேவ் வெளியிட்டதும் கம்யூனிஸ்டுக் கட்சியை விட்டார். கட்சி மாறியவர் என்று இதை ஒரு குறையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பதவிக்காக மாறியிருந்தால் குறைதான். ஆனால் அவர் ஒரு நாளும் அமைச்சர் ஆனதில்லை. ஒவ்வொரு முறை வெளியேறியபோதும் வெறுங்கையோடுதான் வெளியேறினார்.

இப்படிக் கணவரும் இல்லாமல், கட்சியும் இல்லாமல் நின்ற அந்த அம்மாளைத்தான் 1958-இல் அந்த 80 பேர் மன்றம் மேயராகத் தேர்ந்தெடுத்தது. கேளுங்கள், 1942-க்கும் இதற்கும் வெறும் பதினாறு ஆண்டுகள்தான். கொடியேற்றிய கை ஓராண்டுக் காலம் தீர்மானங்களிலும் தண்ணீர்க் கணக்கிலும் சாக்கடைத் திட்டங்களிலும் கையெழுத்துப் போட வந்தது. கொடி ஏற்றிய படம் நம் எல்லார் மனதிலும் இருக்கிறது. மேயர் அங்கியில் அவர் இருக்கும் படத்தை என் வகுப்பில் ஒரு பெண்கூடப் பார்த்ததில்லை.

அதே 1958-இல் 'லிங்க்' வார இதழ் தொடங்கியது, 1963-இல் 'பேட்ரியட்' நாளிதழ். இரண்டுக்கும் பின்னால் அவர் உழைப்பு இருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸில் மாடி வீட்டுக்காரர் 'பேட்ரியட்' வாங்குவார், படித்துவிட்டு எங்களுக்கு அனுப்புவார். நான் அதிலிருந்து கத்தரித்து வைத்த துண்டுகள்தான் பிற்பாடு என் பாடக் குறிப்புகள் ஆயின. பேத்திக்குக் கத்தரிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று என் மகன் என்னைத்தான் கை காட்டுவான்.

1996 ஜூலை 29-இல் அருணா தில்லியிலேயே காலமானார், 87-ஆம் வயதில். அடுத்த நாள் பள்ளியில் காலைப் பிரார்த்தனையில் என்னைப் பேசச் சொன்னார்கள். டவுன் ஹாலைப் பற்றி மட்டும்தான் பேசினேன். 1997-இல் அவருக்கு பாரத ரத்னா அறிவித்தார்கள். நம் அப்துல் கலாமுக்கும் அதே ஆண்டுதான். கலாமின் பட்டியலில் எப்போதும் அந்த ஆண்டைச் சொல்லும் நம் பத்திரிகைகள் பக்கத்தில் இருக்கும் இந்தப் பெயரையும் சேர்த்துச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

தில்லியில் இப்போது கணவர் பெயரில் ஒரு சாலை, மனைவி பெயரில் ஒரு சாலை. ஆசப் அலி ரோடு பழைய தில்லியையும் புது தில்லியையும் பிரித்துக்கொண்டு ராம்லீலா மைதானத்தின் ஓரமாகப் போகிறது. அருணா ஆசப் அலி மார்க் தெற்கே வெகு தூரத்தில், ஜே.என்.யு. பல்கலைக்கழகத்தையும் சஞ்சய் வனத்தையும் ஒட்டி வசந்த் குஞ்ச் பக்கம் வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் கீகர் என்னும் முள்மரங்கள். என் மகள் அங்கே படித்தபோது வாரம் ஒருமுறை அந்த வழியே போவேன். ஆட்டோக்காரர்களிடம் அருணா ஆசப் அலி மார்க் என்று சொன்னால் எல்லாரும் உடனே தலையாட்டுவார்கள். அவர் யார் என்று ஒருமுறை ஓர் இளைஞரிடம் கேட்டேன். "ஏதோ பெரிய மனுஷர் பேரு, மாதாஜி" என்றார். அவர் ஓட்டிய அந்தச் சாலைக்கு அடியில் ஓடும் குழாய்க்கும் அந்தப் பெயருக்கும் என்ன உறவு என்பதை இறங்கும்வரை சொல்லிக்கொண்டே போனேன். கவனமாகக் கேட்டார், நல்ல பிள்ளை.

சரி, திருத்தத்துக்கு வருகிறேன். 'முதல் பெண் மேயர்' என்ற சொல்லே தவறு என்று நான் சொல்லவில்லை. நம் சென்னைக்கு அது சரியான சொல். சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். அதிலிருந்து 268 ஆண்டுகள் கழித்து, 1956-இல் தாரா செரியன் மேயரானார். ஆண்களே உட்கார்ந்து பழகிய நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். அங்கே அந்தச் சொல் உண்மையைச் சொல்கிறது. அவரைப் பற்றியும் தங்கள் சிறுவர் பக்கம் ஒரு கேள்வி போட வேண்டும், தாமதிக்காமல்.

ஆனால் தில்லியின் நாற்காலி புதிது. அதில் முதலில் உட்கார்ந்தவர் ஒரு பெண். பின்னால் வந்த ஆண்கள்தான் அவர் இடத்துக்கு வந்தார்கள். 'முதல் பெண் மேயர்' என்று எழுதும்போது, அவருக்கு முன்னே ஓர் ஆண்கள் வரிசை இருந்ததாகப் படிக்கிற பிள்ளை நினைத்துக்கொள்கிறது. என் பேத்தி அப்படித்தான் நினைத்தாள். கேட்கத் தோன்றியதால் அவளுக்கு விடை கிடைத்தது. கேட்காத பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இன்னொரு தகவலையும் சேர்த்துப் போட்டால் நல்லது. தில்லி மாநகராட்சிச் சட்டத்தில் பிற்பாடு வந்த திருத்தத்தின்படி, ஒவ்வொரு ஐந்தாண்டு மன்றத்திலும் முதல் ஆண்டு மேயர் பதவி பெண்ணுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டு பட்டியல் சாதியினருக்கு. 1958-இல் எந்த ஒதுக்கீடும் இல்லாமலேயே முதல் ஆண்டில் ஒரு பெண் அமர்ந்திருந்தார் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

கேள்வியை இப்படி மாற்றிப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்: '1958-இல் தில்லி மாநகராட்சி தொடங்கியபோது அதன் முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார்?' விடை அதேதான்.

பேத்தி அந்தப் பக்கத்தை நோட்டில் ஒட்டிவிட்டாள். ஏழாவது கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, அளவு பார்த்து, காலியாக விட்டிருக்கிறாள். திருத்தம் வந்தால் அங்கே ஒட்டுவாளாம்.

இப்படிக்கு,
கோ. அலமேலு
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை
திருச்சிராப்பள்ளி